காலையில் எழும்போது வரும் வலிகள்: 45ஐத் தாண்டியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராத்திரி நன்றாகத்தான் படுத்தோம், காலையில் கழுத்து திரும்ப மாட்டேன் என்கிறது. எதிலும் இடித்துக்கொண்ட ஞாபகம் இல்லை, முன்னங்கை கன்றிப்போய்க் கிடக்கிறது. கட்டிலை விட்டு இறங்கிக் காலை வைத்ததும் குதிகாலில் சுருக்கென்று ஒரு வலி. இப்படி வரும் சில்லறை வலிகளுக்குத்தான் இந்த வழிகாட்டி.

எங்கள் பக்கம், மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் நடுவில், காலை நடைக்கு வருகிறவர்கள் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போவார்கள். கேட்டால் ஆளுக்கொரு தைலம் சொல்வார்கள். தைலத்தில் தப்பில்லை, வரிசையில்தான் தப்பு. சடாரென்று எழுந்து, குனிந்து, குடத்தைத் தூக்கி, வலி கூடின பிறகு தைலத்தைத் தேடுகிறார்கள். கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. முந்தின ராத்திரியே எடுத்து வைக்க வேண்டியவை

படுக்கைக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் ஒரு நீளத் துண்டு, வீட்டுக்குள் போட மட்டும் தனியாக வைத்த மெத்தென்ற செருப்பு, ஒரு சொம்பு தண்ணீர், ராத்திரி முழுக்க எரியும் சின்ன விளக்கு. பாயில் படுப்பவர்களுக்குக் கூடவே ஆடாத மர நாற்காலி ஒன்று.

வீட்டுக்குள் செருப்பா என்று முகம் சுளிக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. ஆனால் குதிகால் வலிக்காரர் வெறும் சிமெண்ட் தரையில் வைக்கும் முதல் சில அடிகள்தான் புண்பட்ட இடத்தை மறுபடி கிளறிவிடுகின்றன. புதிதாக ஒரு ஜோடி வாங்கி, அதை வாசலுக்கே கொண்டுபோகாமல் வைத்துக்கொண்டால் சண்டை வராது.

விளக்கு எதற்கென்றால், வயது ஏற ஏற ராத்திரியில் எழுந்து பாத்ரூம் போக வேண்டியிருக்கும், சர்க்கரை இருந்தால் இன்னும் கூடுதலாக. இருட்டில் கட்டில் காலில் இடித்துக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் அதை மறந்தும் போய், காலையில் வீங்கிய சுண்டுவிரலைப் பார்த்து "இது எப்ப ஆச்சு" என்று கேட்கிற கதை பாதி இதனால் வருவதுதான்.

அப்புறம் ஒரு மாதக் காலண்டர், ஒரு பேனா. தினத்தாள் காலண்டர் உதவாது, கிழித்துப் போட்டுவிடுவோம். எதற்கு என்பது 8ஆவது பகுதியில் வரும்.

2. கண் விழித்ததும், எழுவதற்கு முன்: இது வீட்டில் பார்க்கிற வலியா?

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். படுத்தபடியே ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

நெஞ்சில் அழுத்தம், அது தோளுக்கோ இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, கூடவே வியர்வை, மூச்சு வாங்கல் என்றால் உடனே 108. இதற்கு வாயுப் பிடிப்பு என்று பெயர் வைத்துப் பெருங்காயத்தையும் சோடாவையும் தேடுவது நம் ஊர்ப் பழக்கம், அதில் போன உயிர்கள் உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் வெறும் வியர்வையும் அசதியுமாகக்கூட மாரடைப்பு வரலாம்.

ஒரு பக்கக் கை கால் தளர்ந்து கிடந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குளறினாலோ அதுவும் 108தான். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று சொல்ல வீட்டில் ஒருவர் தயாராக இருக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு என்பதால் மருத்துவர் முதலில் கேட்பதே அதைத்தான்.

இடுப்பு வலியோடு சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது, இல்லை உட்காரும் இடம் மரத்துப்போவது, இதுவும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது, காய்ச்சலோடு முதுகோ கழுத்தோ வலிப்பது, ராத்திரி விழுந்து தலையில் அடிபட்டது (ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அடி லேசாக இருந்தாலும்), இவற்றுக்கு அன்றைக்கே டாக்டர்.

எப்படித் திரும்பிப் படுத்தாலும் குறையாத வலி, கூடவே உடம்பு இளைப்பது என்றால் அந்த வாரத்துக்குள் காட்டிவிடுங்கள். இதில் எதுவும் இல்லையா? சரி, மேலே போவோம்.

3. படுத்தபடியே மூன்று நிமிடம்

முதலில் பாதங்கள். இரண்டு பாதங்களையும் உங்கள் பக்கம் மடக்கி, பிறகு முன்னால் தள்ளி, மெதுவாக இருபது தடவை. காலில் தேங்கின ரத்தம் மேலேறும், குதிகாலும் கெண்டைக்காலும் தளரும்.

அடுத்து முழங்கால்களை மடக்கிப் பாதத்தைப் படுக்கையில் ஊன்றி, இரண்டு முட்டியையும் சேர்த்து இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் சாயுங்கள். வலி தொடங்குவதற்கு முன்னாலேயே திரும்பிவிட வேண்டும். முட்டியை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பயிற்சியை இந்த நேரத்தில் செய்ய வேண்டாம், காரணம் 5ஆவது பகுதியில்.

சோம்பல் முறிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கால் விரல்களைத் தூரமாக நீட்டி முறித்தால் கெண்டைக்கால் சதை சுருட்டிக்கொண்டு இழுத்துவிடும், வீட்டையே எழுப்பும் அளவுக்குக் கத்த வைக்கும். குதிகாலை நீட்டுங்கள், விரல்கள் முகத்தைப் பார்க்கட்டும். இழுத்துக்கொண்டுவிட்டால் முழங்காலை நேராக வைத்து, துண்டைப் பாதத்தில் மாட்டி உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள், சதை விடும். அடிக்கடி இழுக்கிறது என்றால் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகளாலும் இது வரும்.

4. எழும் முறை

மல்லாந்த நிலையில் வயிற்றை எக்கி நேராக எழுந்து உட்காராதீர்கள். ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, அதே நேரத்தில் கையை ஊன்றி உடம்பைத் தூக்குங்கள். வலப்பக்கம் திரும்பி எழ வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், எந்தப் பக்கமானாலும் முதுகுக்கு லாபம் ஒன்றுதான். பளு முதுகிலிருந்து கைக்கு மாறுகிறது.

பாயில் படுப்பவர்கள் ஒருக்களித்து, தவழும் நிலைக்கு வந்து, நாற்காலியைப் பிடித்து, ஒரு காலை முன்னால் ஊன்றி எழ வேண்டும். முட்டி வலிக்காரர்கள் வலியில்லாத காலை முன்னால் வையுங்கள், தூக்குவது அந்தக் கால்தான்.

எழுந்து உட்கார்ந்த பிறகு ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். படுத்திருந்தவர் சட்டென்று நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், அப்படி விழுந்துதான் தொடை எலும்பு முறிகிறது. அந்த நிமிடத்தில் தண்ணீரைக் குடியுங்கள், உட்கார்ந்தபடியே ஒவ்வொரு முழங்காலையும் பத்துத் தடவை நீட்டி மடக்குங்கள், செருப்பைப் போடுங்கள், பிறகு நில்லுங்கள்.

5. முதல் அரைமணி நேரம் குனியாதீர்கள்

இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தால் இடுப்பு வலிக்காரர்களில் பலருக்குப் பாதிப் பிரச்சினை தீரும்.

முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவில் இருக்கும் வட்டுகள் பகலில் உடம்புப் பளுவால் நீரை இழக்கும், படுத்திருக்கும்போது நீரை இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் அவை ஊறின உளுந்து கணக்காக உப்பிக் கிடக்கும். காலையில் நாம் ஒன்றரை சென்டிமீட்டர்போல உயரமாக இருப்பதே இதனால்தான். உப்பின வட்டின் மேல் குனிந்தால் அழுத்தம் மற்ற நேரத்தைவிட அதிகம். எழுந்து நடமாடத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் உபரி நீர் பெருமளவு வடிந்துவிடும்.

நம் வீட்டு வேலைகளோ சொல்லி வைத்தமாதிரி அந்த நேரத்தில்தான் வருகின்றன. வாசல் பெருக்குவது, தெளிப்பது, கோலம், மாட்டுக் கொட்டகை, அடிபம்பு, வண்டியை நடு ஸ்டாண்டிலிருந்து தள்ளுவது. மார்கழியில் கேட்கவே வேண்டாம், பனியில் விடியலுக்கு முன் எழுந்து, நட்ட காலில் இடுப்பை மடக்கி, இருபது புள்ளி வைத்துக் கோலம் போட்டு நிமிரும்போது "அம்மா" என்று கையை இடுப்பில் வைக்காதவர்கள் குறைவு.

கோலத்தை விடச் சொல்லவில்லை. வரிசையை மாற்றுங்கள். எழுந்ததும் பல் துலக்கி, காபி போட்டு, நின்றபடியோ நடந்தபடியோ செய்யும் வேலைகளை முதலில் முடியுங்கள். அப்புறம் வாசலுக்குப் போங்கள். பெருக்கும் விளக்குமாறு நீளக் காம்புள்ளதாக இருக்கட்டும். கோலத்துக்கு முட்டி ஒத்துழைத்தால் குந்தி உட்காருங்கள், இல்லையென்றால் ஒரு சாண் உயர முக்காலியை நகர்த்தி நகர்த்திப் போடுங்கள். பெரிய கோலத்தைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாஷ்பேசினில் முகம் கழுவும்போதும் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள். தும்மல் வந்தால் நிமிர்ந்து தும்முங்கள். குனிந்த நிலையில் தும்மி அப்படியே பிடித்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

6. இடத்துக்கு இடம் வைத்தியம் வேறு

கழுத்து: வலிக்காத அளவுக்கு மட்டும் இடம், வலம், மேல், கீழ் என்று மணிக்கொரு தரம் திருப்புங்கள். அசைக்காமல் வைத்திருந்தால் சதை இன்னும் இறுகும். துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து பத்து நிமிடம் வைக்கலாம். சில நாளில், அதிகம் போனால் ஒரு வாரத்தில், தானாகவே விடும். தலையணையை வெயிலில் போட்டால் சுளுக்கு போகும் என்பார்கள். வெயிலில் போடுகிற சாக்கில் அந்த இலவம்பஞ்சுத் தலையணை எவ்வளவு உயரம், எத்தனை கட்டி தட்டியிருக்கிறது என்று பார்க்கத் தோன்றினால் அதுவரைக்கும் நல்லது. ஒருக்களித்துப் படுத்தால் தலைக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நிரப்பும் உயரம் போதும், மல்லாந்து படுப்பவர்களுக்கு அதைவிடக் குறைவு.

சலூனில் முடி வெட்டின பிறகு கழுத்தைச் சட்டென்று முறுக்கிச் சொடக்கு எடுப்பார்களே, அதை மட்டும் செய்துகொள்ளவே செய்யாதீர்கள். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம். இன்னொன்று, தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடிகிறவரை வண்டி ஓட்ட வேண்டாம்.

இடுப்பு: படுத்தே கிடப்பதுதான் பெரிய தப்பு. வலி பொறுக்கிற அளவுக்கு நடந்துகொண்டே இருப்பவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள். ராத்திரி ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவிலும், மல்லாந்தால் முழங்காலுக்கு அடியிலும் ஒரு தலையணை. காலால் பிறந்தவரைத் தேடிப்பிடித்து இடுப்பில் மிதிக்கச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்திருக்கும், ஒரு மிதியில் முதுகெலும்பே நொறுங்கலாம்.

குதிகால்: பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்கள்வரை ஓடும் தடித்த நார்ப்பட்டை ராத்திரி முழுக்கச் சுருங்கிக் கிடக்கிறது. முதல் அடியில் அது திடீரென்று இழுபடுவதால்தான் அந்த வலி, பத்து அடி நடந்தால் குறைவதும் அதனால்தான். ஆகவே அடி வைப்பதற்கு முன்னாலேயே இழுத்துவிடுங்கள். கட்டிலில் உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்ற தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் பின்னுக்கு வளைத்துப் பத்து எண்ணும்வரை பிடியுங்கள், பத்துத் தடவை. கட்டைவிரலை வைத்துப் பார்த்தால் அடிப்பாதத்தில் அந்த நார் முறுக்கேறித் தெரியும், அப்போதுதான் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். சாயந்திரத்தில் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டிக் குதிகாலைத் தரையில் அழுத்திக் கெண்டைக்காலை இழுங்கள். அது இறுகினால் குதிகாலும் இறுகும்.

பொறுமை வேண்டும், குணமாக மாதக்கணக்கில் ஆகும். ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் புதுச் செருப்போடு கிளம்ப வேண்டாம், முன்கூட்டியே அதில் பழகிக்கொள்ளுங்கள். செங்கல்லைச் சுட வைத்து அதன்மேல் எருக்கிலையைப் போட்டு மிதிக்கும் வைத்தியம் சர்க்கரைக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. உணர்ச்சி மழுங்கின பாதத்துக்குச் சூடு தெரியாது, வெந்த பிறகுதான் தெரியும், அந்தப் புண் ஆறாமல் விரலையே எடுக்கும்படி ஆகும்.

தோள்: அந்தப் பக்கம் படுத்ததால் வந்த வலி என்றால் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். சட்டையில் கை நுழைக்க, பின்னல் போட, முதுகு தேய்க்க முடியாமல் வாரக்கணக்கில் போகிறது என்றால் தோள் மூட்டு இறுகத் தொடங்கியிருக்கிறது, சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். வலிக்கிறதென்று கையை மடியிலேயே வைத்துக்கொண்டால் இன்னும் இறுகும், இயன்முறை மருத்துவரை சீக்கிரம் பாருங்கள்.

கை: கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் எழுந்து, உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டு மடங்கிய நிலையில் தூங்கும்போது நரம்பு நசுங்குகிறது. சின்னத் துண்டை மணிக்கட்டில் தளர்வாகச் சுற்றி, அது மடங்காதபடி படுத்துப் பாருங்கள். கையிலிருந்து டம்ளர் நழுவத் தொடங்கினால் காத்திருக்க வேண்டாம்.

விரல் மூட்டுகள்: காலை விறைப்பு அரைமணிக்குள் விட்டால் பெரும்பாலும் தேய்மானம். இரண்டு கையிலும், ஒரு மணி நேரத்துக்கு மேல், வீக்கத்தோடு இருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். மூட்டு கெடுவதற்கு முன் மருந்து தொடங்கினால்தான் பலன், ஆகவே சீக்கிரம் போங்கள்.

கன்றிப்போன இடம்: வயதானால் தோல் மெலியும், அதற்கடியில் உள்ள சின்ன ரத்தக் குழாய்கள் லேசாக இடித்தாலே கசியும். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரல் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் சுலபமாக. ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடலாம். புதிது புதிதாக வருகிறது, ஈறிலும் ரத்தம் கசிகிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

7. ஒத்தடம், மாத்திரை, ஊசி

அடிபட்டு வீங்கினதற்கு முதல் இரண்டு நாள் ஐஸ், துணியில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம். விறைப்புக்கும் பிடிப்புக்கும் வெந்நீர். சூட்டை முழங்கையால் தொட்டுப் பாருங்கள், சர்க்கரைக்காரர் என்றால் வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும்.

மருந்தில் வரிசை இதுதான்: முதலில் மேலே தடவுவது, அதற்கு அடங்காவிட்டால் பாரசிட்டமால், அதற்கும் அடங்காவிட்டால் டாக்டர். பாரசிட்டமால் எடுக்கும்போது சளி மாத்திரையிலும் அதே மருந்து இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள், ஈரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

கடையில் "உடம்பு வலி, ஒரு செட் குடுங்க" என்று கேட்டு, கலர் கலராக நாலு மாத்திரை பொட்டலத்தில் வாங்கும் வழக்கத்தை நிறுத்தியே ஆக வேண்டும். அதில் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை இருக்கும், சமயத்தில் ஸ்டீராய்டும் இருக்கும். முன்னது வயிற்றைப் புண்ணாக்கும், பி.பி.யை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பின்னது சர்க்கரையை ஏற்றும். வெயிலில் வயலில் நின்று, தண்ணீர் குடிக்காமல், மேலே இந்த மாத்திரையையும் போட்டால் சிறுநீரகம் என்ன ஆகும்? வலிக்கு ஊசி போட்டால்தான் திருப்தி என்கிறவர்களுக்கும் இதே பதில், ஊசிக்குள் இருப்பதும் பெரும்பாலும் அதே மருந்துதான்.

கொழுப்பு மாத்திரை தொடங்கின பிறகு தொடையும் தோளும் வலிக்கிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

8. காரணத்தை முந்தாநாளில் தேடுங்கள்

புதிதாக இதில் இறங்குபவர்கள் எல்லாரும் மெத்தையைத்தான் குற்றம் சொல்வார்கள். மெத்தை மாற்றக் கிளம்புவதற்கு முன் காலண்டரை எடுங்கள்.

பழகாத வேலை செய்த சதையில் வலி உடனே தெரியாது. மறுநாள் தொடங்கி, இரண்டாம் நாள் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். புதன்கிழமை காலை எழும்போது தொடை கழன்று விழுகிற மாதிரி வலித்தால், அது திங்கட்கிழமை செய்த வேலை. நேற்று ஒன்றும் செய்யவில்லையே என்று யோசித்தால் விடை கிடைக்காது.

அதனால் காலண்டர் கட்டத்தில் தினமும் இரண்டே வார்த்தை எழுதுங்கள்: அன்றைய வேலை, மறுநாள் காலை வலித்த இடம். "வரப்பு", "இடுப்பு" என்ற அளவுக்கு. இரண்டு மாதம் எழுதினாலே கணக்கு புரிந்துவிடும். டெல்டாவில் இது பருவத்தோடு ஓடும். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு வரப்பு அண்டை வெட்டுவது, நாற்றுப் பறிப்பது, தையில் சம்பா அறுப்பு, பங்குனியில் உளுந்துச் செடி பிடுங்குவது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊரோடு வந்து, இருபது வருஷம் தொடாத மண்வெட்டியை எடுத்து முதல் நாளே முழு வரப்பையும் முடிக்கிறவர்கள்தான் மூன்றாம் நாள் படுத்துவிடுகிறார்கள். முதல் நாள் ஒரு மணி நேரம், ஒரு நாள் விட்டு அடுத்தது என்று ஏற்றிக்கொண்டு போனால் சதை பழகிக்கொள்ளும்.

வயல் இல்லாதவர்களுக்கும் காரணம் இருக்கும். கல்யாண மண்டபத்தில் ஜமுக்காளத்தில் படுத்தது, கும்பகோணம் கோயில்களை ஒரே நாளில் சுற்றினது, பேத்தியை இடுப்பிலேயே வைத்திருந்தது. எழுதிப் பார்த்தால்தான் சிக்கும். எதோடும் ஒட்டாமல் ஒரே இடம் ஆறு வாரம் தொடர்ந்து வலிக்கிறது என்றால் அந்தக் காலண்டரையே டாக்டரிடம் கொண்டுபோங்கள், நீங்கள் வாயால் சொல்வதைவிட அது தெளிவாகச் சொல்லும்.

9. வலி அடங்கின பிறகு செய்ய வேண்டியது

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள், அதனால்தான் அடுத்த மாதமும் அதே வலியோடு வருகிறார்கள். முப்பதுகளிலிருந்தே சதை குறையத் தொடங்குகிறது, அறுபதுக்கு மேல் வேகமாக. காலை நடை இதயத்துக்கு நல்லது, ஆனால் குறைகிற சதையைக் கட்ட அது மட்டும் போதாது.

வாரத்தில் இரண்டு மூன்று நாள், சாயந்திரத்தில், மூன்று பயிற்சிகள். நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது. சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது. ஒவ்வொன்றும் எட்டில் தொடங்கிப் பதினைந்துவரை, சுலபமானால் இரண்டு சுற்று. காலையில் வைக்காமல் சாயந்திரத்தில் வைப்பது உடம்பு சூடேறித் தளர்ந்திருக்கும் என்பதால்.

தனியாகச் செய்யப் பயமாக இருந்தாலோ, வெளியே போக முடியாதவர் வீட்டில் இருந்தாலோ, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021இல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது.

வலி இருக்கும் நாளில் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், அடியோடு விட்டுவிட வேண்டாம். காய்ச்சல் அடிக்கும் நாளுக்கு மட்டும் விடுமுறை.